பம்ப் மேல் பழி போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வாசகர் தன் பழைய பிக்கப் வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தார். சரக்கு ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓடியதும் வண்டி திணறுகிறது, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது, பெட்ரோல் பம்பை மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில் இரண்டே வரி. எரிபொருள் அழுத்தம் குறைகிறது, தரமான பம்பாகப் பார்த்து மறுபடி மாற்றிவிடுங்கள் என்று. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதே பேச்சைக் கேட்டு மூன்று பம்ப் மாற்றியவன் நான். அந்த வாசகர் அடுத்த பம்பை வாங்குவதற்குள் இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்பவன். கிணற்று மோட்டார், நீர்மூழ்கி மோட்டார், மாவு மில் மோட்டார் என்று முப்பது வருடமாக என் கையில் செப்புக் கம்பிதான். என் பிக்கப் 1990-களில் வந்த பெட்ரோல் வண்டி. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டர், டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் மின்சார பம்ப். மோட்டார்களை ஏற்றி இறக்க அதை விட்டால் எனக்கு வேறு வண்டி கிடையாது.

தொல்லை ஆரம்பித்த விதம் அந்த வாசகர் எழுதியதேதான். காலையில் ஒரு குறையும் இருக்காது. பின்னால் இரண்டு மோட்டார் ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டி ஒரு ஏற்றத்தில் மிதித்தால் வண்டி இழுக்காது. இருமும், குலுங்கும், அப்புறம் உயிரே போய்விடும். இருபது நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். அந்த நல்ல நிலையில்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேருவேன். மெக்கானிக் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்ப்பார், ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, பிரஷர் சரியாக இருக்கும். "அண்ணே, இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா பம்ப் சூடானதும் விடுது. மாத்திருவோம்" என்பார்.

மாற்றினோம். நாலு மாதம் நன்றாக ஓடியது. திரும்ப அதே கதை. ஃபில்டரை மாற்றினோம், ஒரு பலனும் இல்லை. வேறு ஒர்க்‌ஷாப்பில் இரண்டாவது பம்ப். ஐந்து மாதம் ஓடியது. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பம்ப் மாற்றியதும் சரியானதால், "பம்ப்தான் கோளாறு, கிடைக்கிற பம்புகள் எல்லாம் மட்டம்" என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உடம்பு முடியாத என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போன ஒரு நாள், ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி அம்மாவின் கையை நான் பற்றிக்கொண்ட அந்த நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது. இனிமேல் யார் சொல்வதையும் கேட்டு மாற்றப்போவதில்லை, நானே அளந்து பார்க்கிறேன் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

அளக்க வேண்டும் என்றால் எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. அது ஃபில்டர் வழியாக வந்து இன்ஜெக்டர்கள் வரிசையாக மாட்டியிருக்கும் குழாய்க்கு, அதாவது ரெயிலுக்கு, வந்து சேர்கிறது. ரெயிலின் கடைசியில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை அது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பி அழுத்தத்தை ஒரு அளவில் நிறுத்துகிறது. அது எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கார்புரேட்டர் வண்டிக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ போதும். இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடியில் ஒன்றோ இரண்டோ இன்ஜெக்டர் வைத்த அந்தக்கால வண்டிகள் பலவற்றில் 9 முதல் 13 வரை. என்னுடையது மாதிரி சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள வண்டிகள் பெரும்பாலும் 35-க்கும் 45-க்கும் இடையில் ஓடும். 60-ஐத் தாண்டினால்தான் ஸ்டார்ட்டே ஆகும் என்கிற வண்டிகளும் உண்டு. ஆகவே கையேட்டைப் பார்க்காமல் "நாற்பது இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

ரெகுலேட்டரில் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் சொருகியிருக்கும். அது எதற்கு என்று எனக்கு வெகு நாள் தெரியாது. இன்ஜெக்டரின் ஒரு முனையில் பெட்ரோல் அழுத்தம், மறு முனையில், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் உறிஞ்சல். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால்தான், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோல் சரியாக விழும். ஐட்லிங்கில் உறிஞ்சல் அதிகம், அதனால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், அப்போது அழுத்தம் 8, 10 பிஎஸ்ஐ ஏறியாக வேண்டும். என் வண்டிக்கு ஐட்லிங்கில் 36, முழு மிதியில் 44.

மெக்கானிக்குகள் ஒவ்வொரு முறையும் ஐட்லிங்கில் மட்டும் பார்த்தது எவ்வளவு பெரிய தவறு என்று இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐட்லிங் என்பது பம்புக்கு ஓய்வு நேரம். இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் கொஞ்சம்தான், வருவதில் பெரும்பகுதி ரிட்டர்னில் திரும்பிவிடும். செத்துக்கொண்டிருக்கும் பம்ப்கூட ஐட்லிங்கில் 36 காட்டும். கோளாறு வரும் அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், அந்தப் பாரத்தோடு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அப்படித்தான் செய்தேன். ரெயிலில் டயர் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கிறது. அதில் நீளமான ஹோஸ் உள்ள கேஜை மாட்டி, பானட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாகவே டேப் போட்டு ஒட்டினேன். வெளிப்பக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஹோஸில் இருப்பது அழுத்தத்தோடு கூடிய பெட்ரோல். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. ஃபேனிலும் சைலன்சர் குழாயிலும் படாமல் கட்டி, பத்து நிமிடம் நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று பார்த்த பிறகே கிளம்பினேன். தீயணைப்பான் இருக்கைக்குப் பக்கத்தில். மகள் நோட்டும் பேனாவுமாக அருகில் உட்கார்ந்தாள். பின்னால் வழக்கமாக ஏற்றும் அதே பாரம்.

முதல் அரை மணி நேரம் அவள் எழுதியதெல்லாம் நல்ல எண்கள். ஐட்லிங்கில் 36, மிதித்தால் 43, 44. முப்பத்தைந்தாவது நிமிடம் ஏற்றம் வந்தது. மிதித்தேன். "அப்பா, 41... 38" என்றாள். எண் ஏற வேண்டிய இடத்தில் இறங்குகிறது. "34. அப்பா, 29-க்கு வந்துருச்சு." வண்டி இரும ஆரம்பித்தது. ஓரமாக, சமதளமான இடம் பார்த்து நிறுத்தினேன்.

44 இருக்க வேண்டிய இடத்தில் 29. இன்ஜெக்டரில் விழும் பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி மாறும் என்பது கணக்கு. அதன்படி பார்த்தால் பெட்ரோல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முழு பாரத்தில் ஏறும் இன்ஜினுக்கு ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலை வெட்டினால் அது இருமாமல் என்ன செய்யும்?

சரி, அழுத்தம் குறைகிறது என்பது உறுதியாகிவிட்டது. அந்த இரண்டு வரிப் பதிலும் இதைத்தானே சொன்னது என்று கேட்கலாம். ஆமாம், அதுவரை சரி. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் பிழை. என்னிடம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து "தண்ணி சரியா வரல, மோட்டார் போச்சு" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மோட்டார் ஓடும்போது அங்கே வோல்டேஜ் எவ்வளவு வருது?" என்பதுதான். முப்பது வருடமாகக் கேட்கும் கேள்வி அது. என் சொந்த வண்டியில் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் ஒரு மோட்டாரைப் பற்றி அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வண்டி ஆறுவதற்குள், இன்ஜினை ஓடவிட்டபடியே மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். டேங்க் பக்கத்தில் இருக்கும் பம்ப் கனெக்டரின் பின்பக்கமாக முனையைச் சொருகிப் பார்த்தால் பம்புக்குக் கிடைப்பது 11.2. நடுவில் 2.7 வோல்ட்டைக் காணோம். அது எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரு நீள ஒயரைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டிப் பின்னால் கொண்டுவந்து, பம்பின் கறுப்பு ஒயருக்கும், அதாவது கரண்ட் சேஸிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயருக்கும், அதற்கும் இடையில் அளந்தேன். அங்கே கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2.1 வோல்ட் காட்டியது. மீதி 0.6 பாசிட்டிவ் பக்கம், பம்புக்குக் கரண்டை விடும் ஸ்விட்சான ரிலேயிலும் கனெக்டர்களிலும்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சேஸிஸில், பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேராகப் போய் விழும் இடத்தில், ஒரு போல்ட்டின் அடியில் முடிந்தது. மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ரிங் டெர்மினலை விரலால் தொட்டேன், சுட்டது. பம்ப் இழுப்பது 6 ஆம்பியர், அங்கே விழுவது 2.1 வோல்ட், பெருக்கினால் ஏறக்குறைய 12, 13 வாட். ஒரு சின்ன பல்பின் சூடு அந்தக் காசளவு தகரத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏற ஏறத் தடை கூடுகிறது, தடை கூடக் கூடச் சூடு ஏறுகிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் கோளாறு வருவதும், இருபது நிமிடம் ஆறினால் போய்விடுவதும் ஏன் என்று அங்கேயே, தரையில் படுத்த நிலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

போல்ட்டைக் கழற்றினேன். டெர்மினலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செதில் செதிலாகத் துரு, பச்சை பூத்த செம்பு. இடுக்கியில் பிடித்துத் தட்டியதும் தூளாகக் கொட்டியது. அந்தத் துருவில் பளபளவென்று புதிதாகக் கீறிய கோடுகள் சில தெரிந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் எல்லாம் சேர்ந்து வந்தது. டேங்கை இறக்க வேண்டும் என்றால் இந்த எர்த் ஒயரைக் கழற்றியாக வேண்டும். மாட்டும்போது போல்ட்டைத் திருகி இறுக்குவார்கள். அந்தத் திருகலில் டெர்மினல் துருவைக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு இரும்பைத் தொடும். நாலைந்து மாதம் நன்றாக ஓடும். துரு மறுபடி மூடும். திரும்பக் கோளாறு. திரும்ப டேங்கை இறக்குவார்கள், திரும்ப அந்த போல்ட்டைக் கழற்றி மாட்டுவார்கள். என் வண்டியைக் குணமாக்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு திருகல். பேர் மட்டும் பம்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதை யாராவது முன்பே சோதித்திருக்க மாட்டார்களா என்றால், சோதித்தார்கள். இரண்டாவது மெக்கானிக் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்து, "எர்த் நல்லா இருக்கு அண்ணே, பல்ப் பளிச்சுனு எரியுது" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. டெஸ்ட் லேம்ப் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது எரியும். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தாலும் இதேதான். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, முழு ஆம்பியரும் அந்த வழியாகப் போகும்போது வோல்டேஜ் இறக்கத்தை அளந்தால் மட்டுமே இந்த மாதிரிக் கெட்ட எர்த் பிடிபடும். சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு விநாடி ஓடிவிட்டு நின்றுவிடும், அதனால் இன்ஜின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

சேஸிஸை இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புதிய ஒயர், ஈயம் பூசிய புது டெர்மினல், பல் வாஷர் போட்டு, சேறு அடிக்காத இடத்தில் முடிந்து, மேலே கிரீஸ் தடவினேன். ரிலேயைத் திறந்து பார்த்தால் அதன் முனைகளும் கருகிப்போயிருந்தன, புதிது போட்டேன். பிறகு அளந்தால் எர்த்தில் 0.08, பாசிட்டிவ் பக்கம் 0.25. பம்புக்கு 13.5-க்கு மேல் கிடைத்தது. அதே பாரம், அதே ஏற்றம், அதே மகள், அதே நோட்டு. மிதித்தேன். 44-ல் போய் நின்ற முள் ஏற்றம் முடியும்வரை அசையவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் கடிதம் சின்னதாகப் போயிருக்கும். ஏற்றத்தில் நிற்பது போய்விட்டது, ஆனால் இன்னொரு குறை பாக்கி இருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. இதுவும் அழுத்தம் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் வேறு கோளாறு. இரண்டும் ஒரே வண்டியில் ஒரே சமயத்தில் இருந்ததால்தான் இத்தனை பேர் குழம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இன்ஜினை அணைத்த பிறகும் ரெயிலில் அழுத்தம் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நாலைந்து பிஎஸ்ஐ குறைந்தால் பரவாயில்லை. என் வண்டியில் 40-லிருந்து 12-க்கு வந்துவிட்டது. வெளியே எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியானால் மூன்றில் ஒரு வழியாகத்தான் போயிருக்க முடியும்: ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்னில், பம்ப் பக்கமாகத் திரும்பி டேங்குக்குள், அல்லது இன்ஜெக்டர்கள் வழியாக இன்ஜினுக்குள். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல முறை உண்டு. சாவியைப் போட்டு அழுத்தம் ஏற்றி, பம்ப் நின்றதும் உடனே ரிட்டர்ன் லைனின் ரப்பர் ஹோஸை அழுத்தி அடைத்துப் பார்ப்பது. அழுத்தம் நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர். நிற்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றி, வரும் பக்கத்து ஹோஸை அடைக்க வேண்டும். இப்போது நின்றால் கோளாறு டேங்க் பக்கம். இரண்டையும் அடைத்தும் குறைகிறது என்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ரப்பர் ஹோஸை மட்டும், வழவழப்பான வாய் உள்ள கிளாம்ப்பால்தான் அடைக்க வேண்டும். நைலான் குழாயை நசுக்கினால் அதுவே புதுக் கோளாறாகிவிடும். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ் என்றால் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் சோதிக்கலாம். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் பிற்கால வண்டிகளில் ரிட்டர்ன் லைன் முன்னால் வராது, அங்கே இந்தச் சோதனையில் பாதிதான் பொருந்தும்.

எனக்கு வரும் பக்கத்தை அடைத்ததும் முள் நின்றது. டேங்கை நானே இறக்கினேன். பம்புக்கும் மேலே போகும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஹோஸ் உண்டு. அது உப்பி, பிசுபிசுத்து, கிளாம்ப் ஓரத்தில் நகத்தளவு வாய் பிளந்திருந்தது. இரண்டாவது பம்ப் மாட்டியபோது, வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸை வெட்டி உள்ளே போட்டிருக்கிறார்கள். மூன்றாவது முறை பம்பை மட்டும் மாற்றி அதே ஹோஸை அப்படியே மாட்டியிருக்கிறார்கள். வெளியில் போடும் ஹோஸுக்கு உள்ளே மட்டும்தான் பெட்ரோல் படும், வெளித்தோல் பெட்ரோலைத் தாங்காது. டேங்குக்குள் முழுகிக் கிடப்பதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, அதன் மேல் எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சடித்திருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு வெளியே போடும் ஜே30ஆர்9 நல்ல ஹோஸ்தான், ஆனால் உள்ளே முழுக்குவதற்கு அது ஆகாது. அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் வேகமாகக் கெடுக்கும் என்பதால் பழைய வண்டிக்காரர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

வீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கழற்றிய பழைய பம்புகளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். பல வாரம் வெளிக்காற்றில் கிடந்து வாசனைகூட இல்லாமல் காய்ந்துபோன அவற்றை வெட்டித் திறந்தேன். முதலாவது, வண்டியோடு வந்தது. கார்பன் பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூடேட்டரில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, கார்பன் பிரஷ் அடிக்கட்டை வரை தேய்ந்திருந்தது. அதை மாற்றியது நியாயம்தான். அடுத்த இரண்டும், அதாவது நாலு மாதத்திலும் ஐந்து மாதத்திலும் "போச்சு" என்று கழற்றியவை, செம்பு சுத்தமாக, பிரஷ் கிட்டத்தட்ட முழு நீளத்தில் இருந்தன. கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன். நல்ல மோட்டாரை எரிந்துபோனது என்று சொல்லிக் கழற்றுவதை என் தொழிலில் நான் யாருக்கும் செய்ததில்லை.

பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. முழு வோல்டேஜும் போய்ச் சேர்ந்து, ஃபில்டரிலும் அடைப்பில்லாமல் இருந்து, ரிட்டர்ன் ஹோஸை ஒரு விநாடி அடைத்தால்கூட அழுத்தம் ஏற மறுக்கிறது என்றால் பம்ப் முடிந்துவிட்டது. நல்ல பம்ப் அந்த ஒரு விநாடியில் விறுவிறுவென்று மேலே போகும். அதனால்தான் அதற்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது. ரிட்டர்ன் ஹோஸை ஒரு பாத்திரத்தில் விட்டு அரை நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளப்பதும் உண்டு. இந்த வகை வண்டிகள் பலவற்றில் அரை லிட்டராவது வர வேண்டும் என்பார்கள். திறந்த பெட்ரோலோடு செய்யும் வேலை என்பதால் அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

வேறு சிலவற்றையும் அந்த வாசகர் பார்த்துவிடட்டும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்த்து பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்திருக்கிறது. வண்டி திணறும்போது டேங்க் மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி தெளிந்தால், டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. டேங்குக்குள் துரு இருந்தால் பம்பின் அடியில் இருக்கும் வலைப்பை மூடிக்கொள்ளும், அப்போது பம்ப் வழக்கத்தைவிட அதிகமாகக் கூவும். டேங்கைக் கால் அளவுக்குக் கீழே விட்டு ஓட்டுவதைத் தவிர்க்கலாம், பம்பைக் குளிரவைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். சில வண்டிகளில் ரிலே போனாலும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக பம்புக்குக் கரண்ட் போகும்படி அமைத்திருப்பார்கள். அந்த வண்டியில் வெகு நேரம் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறிய பிறகே ஸ்டார்ட் ஆனால் ரிலேயைப் பாருங்கள். அழுத்தம் போதவில்லை என்று ரெகுலேட்டரை முறுக்கிவிடுவதும், இன்னும் பெரிய பம்ப் போடுவதும் வேண்டாம். பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும், கெட்ட எர்த்தில் அதன் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

இவற்றில் எதைச் செய்தாலும் பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சூடாகும் பல்ப் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எட்டத்தில் இருக்கும் நெருப்பைக்கூடத் தொடும். கதவு சாத்திய இடத்தில் செய்யவே வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் பதில் எழுதுபவர் அனுபவசாலியாகத்தான் இருப்பார், சந்தேகமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால், பம்பை மாற்றச் சொல்லும் முன் நான்கு எண்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: கோளாறு வரும் நேரத்தில் ரெயில் பிரஷர் எவ்வளவு, அப்போது பம்பில் வோல்டேஜ் எவ்வளவு, எர்த்தில் இறக்கம் எவ்வளவு, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர் எவ்வளவு. மெக்கானிக்குகளும் இந்த நான்கையும் பில்லில் எழுதிக் கொடுத்தால், வண்டி அடுத்து எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அங்கே இருப்பவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

என் வண்டியில் இன்னும் அதே மூன்றாவது பம்ப்தான் இருக்கிறது. புது ஹோஸோடு அதையே திரும்ப மாட்டினேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டது. மகளின் நோட்டில் கடைசியாக எழுதியிருக்கும் எண் 44.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி